அத்தையின் மறதியும் என் குறிப்பேடும்

8 ஜூன் 2025, ஞாயிறு. காவேரிப்பட்டணம்

பெங்களூரில் உள்ள நிமான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையின் மருத்துவர் மருந்துச் சீட்டை எழுதி முடித்த கையோடு, வீட்டில் நடப்பதைத் தேதி போட்டு எழுதி வைக்கச் சொன்னார். அடுத்த முறை வரும்போது அதைத்தான் முதலில் பார்ப்பேன் என்றும் சொன்னார். அதனால் இந்தக் குறிப்பைத் தொடங்குகிறேன். என் மாமியாருக்கு வயது 74. அல்சைமர் வகை மறதி நோய் என்று முடிவு சொல்வதற்கு முன் தைராய்டுக்கும் பி12 சத்துக்கும் இரத்தம் எடுத்தார்கள், மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். தைராய்டு குறைவு, பி12 குறைவு, கீழே விழுந்ததில் மூளைக்கு மேல் கசிந்து தேங்கிய இரத்தம், மனச்சோர்வு ஆகியவையும் மறதி நோய் போலவே தோற்றம் காட்டும் என்பதும், அவற்றுக்கு மருத்துவம் உண்டு என்பதும்தான் அதற்குக் காரணம். அத்தைக்கு அவற்றில் எதுவும் இல்லை.

"வயசானா மறதி வரத்தான் செய்யும்" என்று தெருவில் எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். குழம்புக்கு உப்புப் போட்டோமா இல்லையா என்று மறப்பதை வேண்டுமானால் வயதின் கணக்கில் எழுதலாம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த அடுப்பில் களி கிண்டிய ஒருவர், உலை கொதிக்கும்போது கேழ்வரகு மாவுக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பதை அந்தக் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

14 ஜூன், சனி

எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "காலையிலிருந்து எனக்கு ஒரு வாய் சோறு போடலை" என்று அத்தை சொல்லியிருக்கிறார். அந்த வீட்டு அக்கா இட்லி கொண்டுவந்து கொடுத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதாமல் விடுகிறேன். மருமகளாக இருப்பவள் இந்த நோயில் முதலில் இழப்பது தூக்கத்தை அல்ல, தெருவில் இருக்கும் பெயரைத்தான்.

அத்தை பொய் சொல்லவில்லை. புதிதாக நடப்பதைப் பதிந்து வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியை அல்சைமர் நோய் தொடக்கத்திலேயே பாதிக்கிறது. அதனால்தான் 1970களில் மாந்தோப்புக்குக் கிணறு வெட்டிய கதையை ஆள் பேர் தவறாமல் சொல்பவருக்கு, அரை மணி நேரத்துக்கு முன் சாப்பிட்டது நினைவில் தங்குவதில்லை. "இப்பத்தானே சாப்பிட்டீங்க" என்று சொன்னால் சண்டைதான் வருகிறது. ஆகவே சாப்பிட்ட தட்டை உடனே கழுவாமல் அவர் கண்ணில் படும்படி வைத்துவிடுகிறேன், உணவையும் சிறு சிறு பங்காகப் பிரித்துக் கொடுக்கிறேன். மறுபடியும் கேட்டால், "களி வெந்துக்கிட்டு இருக்கு அத்தை, இறக்கினதும் போடறேன்" என்கிறேன். "சரி கண்ணு" என்று உட்கார்ந்துவிடுகிறார். எதிர்வீட்டு அக்காவிடமும் நோயின் பெயரைச் சொல்லி விளக்கிவிட்டேன். மூடி வைப்பதால் நோய் மறையப் போவதில்லை, பேச்சுதான் வளரும்.

29 ஜூன், ஞாயிறு

ஓசூரிலிருந்து கொழுந்தனார் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணி, அம்மா நல்லாத்தானே பேசறாங்க, நீங்க சொல்ற மாதிரி ஒண்ணும் தெரியலையே" என்றார். தொலைபேசியில் பத்து நிமிடம் கலகலவென்று பேசிவிட்டு, வைத்ததும் "யாரு பேசினது?" என்று அத்தை என்னைக் கேட்டதை அவர் எப்படி அறிவார்! பழக்கத்தில் ஊறிய நலம் விசாரிப்பும் உபசரிப்பும் நெடுநாள் வரை ஓரளவு நிற்கும். விருந்தினர் அந்தப் பத்து நிமிடத்தைத்தான் பார்க்கிறார்கள்.

பேச்சு பிறகு தோப்புப் பட்டாவுக்குப் போனது. இந்த ஆண்டு பெங்களூரா மாங்காய்க்கு விலையே இல்லை என்றாலும் நிலம் நிலம்தான். அம்மாவிடம் ஒரு பவர், அதாவது அவர் சார்பில் செயல்படும் அதிகாரப் பத்திரம், எழுதி வாங்கிவிட்டால் பிறகு கவலையில்லை என்பது அவர் எண்ணம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 201ஆம் பிரிவின்படி, எழுதிக் கொடுத்தவர் சித்த சுவாதீனத்தை இழந்தால் அந்த அதிகாரமும் முடிந்துவிடும் என்று வழக்கறிஞர் சொல்லிவிட்டார். உயிலோ தானமோ எதுவானாலும், எழுதுகிறவர் அதன் பொருளை உணர்ந்து எழுத வேண்டும். இந்த ஏற்பாடுகளுக்கெல்லாம் காலம், நோயின் பெயர் தெரிந்த உடனே வரும் சில மாதங்கள்தான்.

20 ஜூலை, ஞாயிறு

களியை மெல்லாமல் விழுங்குவது எங்கள் பக்கத்து வழக்கம். கீரைக் கடைசலில் புரட்டி, விரலால் கிள்ளி, நாக்கில் வைத்ததும் தொண்டைக்குள் வழுக்கிப் போய்விட வேண்டும். மென்றால் பல்லில் ஒட்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியே வளர்ப்பார்கள். இன்று மதியம் அத்தை ஒரு கவளத்தை வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமல் இருந்தார். பிறகு விழுங்கியபோது புரையேறிக் கண்களில் நீர் வந்துவிட்டது. இந்த நோய் முற்ற முற்ற விழுங்கும் தசைகளின் ஒழுங்கும் குலையும் என்பதும், உணவு மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரலில் தொற்று வரும் என்பதும் நான் அறிந்ததுதான். இனி உருண்டைக் களி வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். அதே கேழ்வரகைக் கெட்டியான கூழாகக் காய்ச்சி, சிறு கரண்டியால், முந்தைய வாய் இறங்கிவிட்டதா என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார வைத்து, முகவாயைச் சற்றுத் தாழ்த்தச் சொல்லி ஊட்டினால் புரையேறுவது குறைகிறது. சாப்பிட்டதும் படுக்க விடக்கூடாது.

1 ஆகஸ்ட், வெள்ளி

வீடு தேடி வந்து மருந்து தரும் தமிழக அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவத்தின் செவிலியர் வந்து இரத்த அழுத்த மாத்திரைகளைக் கொடுத்துச் சென்றார். 2021இல் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் அத்திட்டத்தைத் தொடங்கினார்கள். அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் இருந்தால் மூளையின் நுண்ணிய இரத்தக்குழாய்களுக்கும் நல்லது என்பதால் இந்த மாத்திரைகளை நான் தவறவிடுவதில்லை. மாலையில் அத்தை திண்ணையில் உட்கார்ந்து கதம்பம் கட்டினார். முடிச்சு ஒன்றுகூடத் தளரவில்லை.

4 ஆகஸ்ட், திங்கள்

நேற்று ஆடிப்பெருக்கு. வீட்டுக்கு ஆட்கள் வந்தவண்ணம் இருந்தார்கள். அத்தை பகல் முழுவதும் தூங்கி வழிந்தார். இரவில் போர்வையின் ஓரத்தைப் பிடுங்கிக்கொண்டே, சுவரில் எறும்பு ஊர்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கரண்டியைக் கையில் கொடுத்தால் அதைப் பார்த்தபடியே இருந்தார். வந்திருந்த சித்தப்பா, நோய் முற்றிவிட்டது, இனி இப்படித்தான் என்றார். பென்னாகரத்திலிருந்து வந்த நாத்தனார், "முனி பார்வை பட்டிருக்கும் அண்ணி, மந்திரிச்சுப் பார்க்கலாம்" என்றார்.

திருநீறு பூசுவதில் எனக்கு வழக்கு எதுவும் இல்லை. ஆனால் குறிப்பேட்டில் வெள்ளிக்கிழமை பூக்கட்டினார் என்று எழுதியிருக்கிறது. அல்சைமர் இரண்டு நாளில் இவ்வளவு தூரம் ஓடாது. அது மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் நகரும் நோய். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ புத்தி தடுமாறி, ஒரு வேளை தெளிவும் ஒரு வேளை மயக்கமுமாக மாறிக்கொண்டிருந்தால், அதை டெலிரியம் என்கிறார்கள். சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், நிமோனியா, சோடியம் குறைவு, புதிதாகச் சேர்த்த மாத்திரை என்று அதற்குக் காரணம் வேறெங்கோ இருக்கும். மறதி நோய் உள்ளவர்களுக்கு அது எளிதில் வரும். காய்ச்சலே இல்லாமலும் தொற்று இருக்கலாம். என் கணவர் காலையிலேயே காரை வரவழைத்து அத்தையைக் கிருஷ்ணகிரிக்கு அழைத்துப் போனார்.

5 ஆகஸ்ட், செவ்வாய்

சிறுநீரில் தொற்று, அதோடு மலச்சிக்கல். ஊசி மருந்தும் குளுக்கோஸும் ஏறுகின்றன. நாத்தனார் சளிக்கென்று வாங்கிக் கொடுத்திருந்த மாத்திரை அட்டையையும் மருத்துவரிடம் காட்டினேன். அதில் இருந்த குளோர்பெனிரமின் முதியவர்களுக்குத் தூக்கத்தையும் குழப்பத்தையும் கூட்டக்கூடியது என்று நிறுத்தச் சொன்னார். நாத்தனாரைக் குறை சொல்ல முடியாது. மருந்துக்கடையில் கேட்டதும் கிடைக்கிற மாத்திரை. மருத்துவமனைக் கட்டில் அத்தைக்குப் புதிய இடம் என்பதால், வீட்டுப் போர்வையையும் அவருடைய மூக்குக்கண்ணாடியையும் கொண்டுவந்து வைத்திருக்கிறோம். இரவில் விளக்கை முழுவதும் அணைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம்.

16 ஆகஸ்ட், சனி

வீடு திரும்பிவிட்டோம். எறும்பு போய்விட்டது, கரண்டி கைக்கு வந்துவிட்டது. பழைய நிலை முழுவதும் திரும்பவில்லை. பூக்கட்ட உட்காருகிறார், நாலைந்து முடிச்சுக்குப் பின் நூலைக் கீழே வைத்துவிடுகிறார். டெலிரியம் வந்துபோனபின் தேற வாரங்களும் மாதங்களும் ஆகலாம், சிலருக்குக் கொஞ்சம் இழப்பு நின்றுவிடும் என்று மருத்துவர் சொன்னார். சித்தப்பா பேச்சைக் கேட்டு "இனி இப்படித்தான்" என்று விட்டிருந்தால், தொற்று இரத்தத்தில் கலந்திருக்கக்கூடும்.

கொழுந்தனார் ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து இரவில் அம்மாவோடு படுத்துக்கொள்கிறார். பொழுது சாய்ந்ததும் "எங்க வீட்டுக்குப் போகணும்" என்று அத்தை கதவைத் தட்டுவதை முதன்முதலாகக் கண்ணால் பார்த்தார். தொலைபேசியில் கேட்டதற்கும் இதற்கும் உள்ள தூரத்தை நான் எடுத்துச் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. இருட்டுவதற்கு முன்பே எல்லா விளக்குகளையும் போடும் வேலையை அவரே ஏற்றுக்கொண்டார்.

21 செப்டம்பர், ஞாயிறு

இன்று உலக அல்சைமர் நாள், மகாளய அமாவாசையும்கூட. நேற்று முன்தினம் நிமான்ஸில் குறிப்பேட்டைக் காட்டினோம். மருத்துவர் ஆகஸ்ட் பக்கத்தை இரண்டு முறை படித்தார். மறதி நோய்க்குக் கொடுத்துவரும் டோனபெசில் மாத்திரையை அதே அளவில் தொடர வேண்டும் என்றார். நோயை அது மாற்றாது, சிலருக்குச் சில காலம் அறிகுறிகளைத் தணிக்கும், நாடித்துடிப்பைக் குறைக்கக்கூடும் என்பதால் அதையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

இனி நாள்தோறும் எழுத வேண்டியவற்றை அவரே வகுத்துக் கொடுத்தார்: குடித்த தண்ணீர், மலம் கழிந்தது, தூங்கிய நேரம், புதிதாக ஏதாவது மருந்து. தாகம் எடுத்தாலும் கேட்கத் தெரியாது என்பதால், அத்தையின் பித்தளைச் சொம்பில் காலையிலேயே நீர் நிரப்பி, மாலைக்குள் அது காலியாகிறதா என்று பார்க்கிறோம். மோரும் கூழும் தனிக்கணக்கு. நான் இல்லாத வேளைகளில் எழுதுவது கணவரின் பொறுப்பு. அவர் கையெழுத்து எனக்கே புரியவில்லை என்பதால் இன்று மாலை அச்சடித்த அட்டவணை ஒன்று போட்டுக் கொடுத்திருக்கிறேன்.