உப்புத்தண்ணி குடித்த ரேடியேட்டர்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பழைய கார் ரேடியேட்டருக்குள் துருவை விட வெள்ளைப் படிவம்தான் அதிகம் இருக்கும். வருஷக்கணக்கில் போர் தண்ணி ஊற்றியதன் பலன். சமதளத்தில் வண்டி சமாளித்துவிடும். சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் கணவாய் ஏற்றத்தில்தான் சூடு முள் மேலே போகும்.

அதைக் கழுவி ஒழுக்கைச் சரிசெய்ய, முதலில் ரேடியேட்டரின் உலோகம் எது என்று பாருங்கள். அம்பாசடர், பத்மினி மாதிரி வண்டிகளில் செம்புக் கோர் (நடுவில் இருக்கும் குழாயும் தகடுமான பகுதி), பித்தளை டேங்க். பிந்தைய வண்டிகளில் அலுமினியக் கோர், பிளாஸ்டிக் டேங்க். மருந்தும் ரிப்பேரும் இதைப் பொறுத்தே மாறும்.

இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு கீழ் ஹோஸைக் கழற்றித் தண்ணியை வடித்து, ரேடியேட்டரை இறக்குங்கள். வெளிப்புறத்தை இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணி அடித்துக் கழுவ வேண்டும். பூச்சியும் மண்ணும் வந்த வழியே போகும். சாதாரண ஹோஸ் போதும். வாட்டர் சர்வீஸ் கன் ஃபின்களை, அதாவது குழாய்களுக்கு நடுவிலுள்ள மெல்லிய தகடுகளை, மடக்கிவிடும்.

உள்ளே எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட். செம்புக்கு ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம், ஒரு மணி நேரம். அலுமினியத்துக்கு அதில் பாதி, அரை மணிக்கு மேல் வேண்டாம். நுரைத்து வாயு வரும், மூடி போடாதீர்கள். கழிவறை ஆசிட் பக்கமே போகக் கூடாது. அலுமினியத்தை அரித்துத் தின்றுவிடும், பித்தளையையும் விடாது. பிறகு கீழ் வாய் வழியாகத் தண்ணி விட்டு மேல் வாயில் தெளிவாக வரும்வரை அலசி, ஆப்ப சோடா கரைத்த தண்ணியில் ஒருமுறை, வெறும் தண்ணியில் ஒருமுறை.

கழுவிய பிறகு ஒழுக ஆரம்பித்தால் ஆசிட் ஓட்டை போட்டுவிட்டது என்பார்கள். பெரும்பாலும் ஓட்டை முன்பே இருந்திருக்கும், வெள்ளைப் படிவம்தான் அதை அடைத்து வைத்திருந்தது. அதனால்தான் கழுவுவது முதலில், சோதனை பிறகு. வாய்களை ரப்பரால் அடைத்து, தொட்டியில் முக்கி, சைக்கிள் பம்பால் காற்று ஏற்றுங்கள். மூடியில் அச்சிட்டிருக்கும் அழுத்தத்தைத் தாண்டக் கூடாது, 0.9 (பார்) என்றிருந்தால் சுமார் 13 பிஎஸ்ஐ. குமிழி வரும் இடத்தை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள்.

செம்பு, பித்தளை என்றால் ஈயம் வைக்கலாம். அந்த இடம் பளபளக்கும்வரை உப்புத்தாள் போட்டு, ஃபிளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை) தடவி, கனமான சால்டரிங் அயர்னால் சூடேற்றுங்கள். 60/40 ஈயம் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்) 190 டிகிரி வாக்கில் உருகிவிடும். கேஸ் டார்ச் காட்டினால் பக்கத்து ஜாயின்ட்டும் விட்டுப்போகும். ஈயம் ஒட்டாமல் உருண்டு ஓடினால் உள்ளே தண்ணி தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். கொஞ்சம் ஈரம் இருந்தாலும் அந்த இடம் சூடேறவே விடாது. வேலையைத் திறந்தவெளியில் செய்யுங்கள், ஈயப் புகை நல்லதல்ல.

அலுமினியக் கோரில் எபாக்ஸி கொஞ்ச நாள் தாங்கும். பிளாஸ்டிக் டேங்க் வெடித்திருந்தால் ஒட்டி மினக்கெடாமல் மாற்றிவிடுங்கள். ஒழுக்கை நிறுத்த ரேடியேட்டருக்குள் மஞ்சள் தூள் கொட்டுகிற வைத்தியம் நடுவழியில் வீடு வந்து சேர மட்டும். அது ஓட்டையோடு நல்ல குழாயையும் அடைக்கும்.

திரும்பப் பூட்டும்போது மூடியின் ரப்பர் விறைத்திருந்தால் புது மூடி. ஊற்றுவது பேட்டரி தண்ணியும் (டிஸ்டில்டு வாட்டர், ஆசிட் அல்ல) கூலண்ட்டும் பாதிக்குப் பாதி. இங்கே தண்ணி உறையாதே என்று கூலண்ட்டைத் தவிர்க்காதீர்கள்: ஓசூர் உயரத்தில் வெறும் தண்ணி 97 டிகிரியிலேயே கொதித்துவிடும், துருவைத் தடுப்பதும் கூலண்ட்தான். மூடியைத் திறந்தபடி, ஹீட்டர் இருந்தால் அதையும் போட்டு, மேல் ஹோஸ் சூடாகிக் குமிழி நிற்கும்வரை ஐடிலிங்கில் ஓடவிட்டு, குறைந்ததை நிரப்புங்கள்.

வடித்த பழைய கூலண்ட் இனிக்கும், ஆனால் விஷம். நாயோ ஆடோ நக்குகிற மாதிரி வாசலில் ஊற்றாமல், கேனில் மூடி வையுங்கள்.