வலிக்கும் மூட்டோடு குளிர்காலக் கடலில்: ஃபார்ட்டி ஃபுட் குறிப்புகள்

அயர்லாந்தின் டப்ளின் விரிகுடாவின் தென்கரையில் சாண்டிகோவ் என்று ஓர் ஊர். அங்கே பாறைகளுக்கு நடுவே படிக்கட்டும் இரும்புக் கைப்பிடியும் போட்ட குளிக்கும் துறை ஒன்று இருக்கிறது. பெயர் ஃபார்ட்டி ஃபுட். ரொம்ப காலம் ஆண்களுக்கு மட்டும் என்றிருந்த துறை. 1974இல் பெண்கள் கூட்டமாக வந்து இறங்கி அந்த வழக்கத்தை உடைத்தார்கள். கிறிஸ்துமஸ் காலையில் ஊரே திரண்டு குதிப்பதைத்தான் படங்களில் பார்த்திருப்பீர்கள். மற்ற நாட்களில் காலை வேளையில் போய்ப் பார்த்தால், படியில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முழங்காலை மெல்ல மடித்து இறங்குகிற ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள்தான் அதிகம். இந்தக் குறிப்புகள் அந்த முழங்கால்களுக்கு.

குளிர்ந்த நீர் மூட்டுத் தேய்மானத்தைக் குணப்படுத்தாது. தோலிலும் அதற்குக் கீழேயும் நரம்புகள் செய்தி கடத்தும் வேகத்தைக் குறைக்கிறது, ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. அதனால் வலி கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொள்கிறது. போதாததற்கு மிதப்பு. இடுப்பளவு நீரில் நின்றால் காலில் விழும் எடை ஏறக்குறைய பாதியாகிவிடும், கழுத்தளவில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். வருஷக்கணக்கில் வலித்த முட்டிக்கு இது சொர்க்கம். சிக்கலும் அங்கேயேதான். வலி என்கிற காவல்காரன் தூங்கிவிடுவதால், தோளைத் தவறாகச் சுழற்றினாலும் பாதத்தைப் பாறை கிழித்தாலும் கரையேறிச் சூடான பிறகுதான் தெரியும். ஆகவே உள்ளே என்ன செய்வது, எவ்வளவு நேரம் இருப்பது என்பதையெல்லாம் வலிக்கும்போதே, கரையிலேயே முடிவு செய்துவிட வேண்டும். தண்ணீருக்குள் எடுக்கும் முடிவை நம்ப முடியாது.

முதலில் நீரைப் பற்றி. டப்ளின் கடல் மிகவும் குளிர்வது டிசம்பரில் என்று நினைப்பது பொதுவான தவறு. காற்றைவிடக் கடல் மெதுவாக ஆறும். பிப்ரவரி கடைசி, மார்ச் மாதத்தில்தான் அடிமட்டம். அப்போது 7 முதல் 9 டிகிரி, அதாவது ஃபிரிட்ஜில் வைத்த தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் மேல். மார்ச் மாத வெயிலைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறைய. ஐரிஷ் கடலில் நிற்கும் எம்2 என்ற மிதவையின் வெப்ப அளவு இணையத்தில் கிடைக்கும். ஆழம் குறைந்த கரையோரம் குளிர்காலத்தில் அதைவிட இன்னும் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

காற்று மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ வீசினால் துறை அமைதியாக இருக்கும். கிழக்கு, வடகிழக்குக் காற்றென்றால் அலை நேரே படிக்கட்டில் வந்து மோதும். அன்றைக்கு டீ குடித்துவிட்டுத் திரும்புவதுதான் மரியாதை. ஏறும் நேரத்தில் அலை ஒரு தள்ளு தள்ளினால் ஆரோக்கியமான காலே தடுமாறும். மடங்க மறுக்கும் கால் என்ன செய்யும்?

ஏற்றவற்றத்தை நம் ஊர் பஞ்சாங்கத்தை வைத்தே பாதி கணித்துவிடலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் டப்ளினில் ஏற்றம் நண்பகல் வாக்கில் வரும், வற்றம் காலை ஆறு மணி வாக்கில். இரண்டுக்கும் இடையே நீர்மட்டம் மூன்றரை மீட்டர் அளவுக்கு மாறும். அந்த நாட்களில் காலை ஏழு, எட்டு மணிக்குப் போனால் கீழ்ப் படிகள் பாசியோடு வெளியே தெரியும். வழுக்குவது அங்கேதான். அதற்கும் கீழே உள்ள பாறையில் கொட்டலசு ஒட்டியிருக்கும்; மரத்துப்போன காலை அது பிளேடு போல் கீறும், உணரவே மாட்டீர்கள். மூட்டுவலிக்காரர்களுக்கு நல்ல நேரம் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும். இறங்க வேண்டிய படிகள் குறைவு, பிடிக்கக் கம்பி கைக்கெட்டும். படியே வேண்டாம் என்பவர்களுக்குப் பக்கத்திலேயே சாண்டிகோவின் சிறு மணற்கரை இருக்கிறது, சரிவு மெதுவானது. பெருமழைக்குப் பின் கழிவுநீர் கலந்ததாக நகராட்சி எச்சரிக்கை போட்டிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எப்போது தொடங்குவது? செப்டம்பரில். நீர் 14, 15 டிகிரியில் இருக்கும்போதே தொடங்கி, வாரம் இரண்டு மூன்று முறை விடாமல் போனால் கடல் ஆறும் வேகத்திலேயே உடம்பும் பழகும். போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தின் மைக் டிப்டன் குழுவினர் பல வருஷ ஆய்வில் காட்டியது இது: ஐந்தாறு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நிமிடம் குளிர்நீரில் இறங்கினாலே முதல் அதிர்ச்சி ஏறத்தாழ பாதியாகிவிடும்.

அந்த அதிர்ச்சிதான் ஆளைக் கொல்வது. உடம்பு வெப்பம் குறைந்து சாவதற்கு நேரம் பிடிக்கும். அதற்கு முந்திக்கொள்வது முதல் ஒன்றிரண்டு நிமிடம். தோல் திடீரென ஆறியதும் கேட்காமலே ஒரு பெருமூச்சு உள்ளே இழுக்கும், ஒன்றிரண்டு லிட்டர். அந்த நொடியில் தலை நீருக்குள் இருந்தால் உள்ளே போவது காற்றாக இருக்காது. தொடர்ந்து மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும், இதயம் தறிகெட்டு அடிக்கும், ரத்த அழுத்தம் எகிறும். அதே நேரம் முகத்தையும் நீரில் முக்கினால் இதயத்தை மெதுவாக்கும் வேறொரு அனிச்சை கிளம்பும். ஒன்று விரட்ட, ஒன்று இழுக்க, இதயத்தின் தாளம் தப்பலாம். ஃபார்ட்டி ஃபுட் பாறையிலிருந்து குதிப்பவர்களைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம்.

ஆகவே இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், குளிர் பட்டால் தடிக்கும் ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. இதயத் துடிப்பை மெதுவாக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களும் அப்படியே. நம் ஆட்களுக்குத் தனியாக ஒரு சொல்: சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் வெறுங்காலோடு படியில் கால் வைக்காதீர்கள். இன்சுலின் போடுபவர்கள் நடுக்கமே சர்க்கரையை எரிக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவது எல்லோருக்கும் தவறு. ஏற்கெனவே தூங்கப்போகும் காவல்காரனுக்கு மயக்க மருந்து எதற்கு?

கால் உறை 5 மில்லிமீட்டர் நியோப்ரீன் (ரப்பர் போன்ற நீச்சல் உடைத் துணி), கையுறை 3 மில்லிமீட்டர். விரலில் வாதம் உள்ளவர்களுக்குக் கையுறை கட்டாயம். ஏறும்போது கம்பியைப் பிடிக்கப்போவது அந்த விரல்கள்தான். கழுத்து வலிக்கு இரட்டைத் தொப்பி: உள்ளே நியோப்ரீன், மேலே கண்ணில் படும் நிறத்தில் சிலிக்கான். நியோப்ரீன் மிதக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். தடித்த கால் உறையும் நியோப்ரீன் அரைக்கால் சட்டையும் சேர்ந்து காலை மேலே தூக்கிவிடும். தலையை நிமிர்த்தி நீந்தினால் இடுப்பு வில்லாக வளையும். முதுகு வலிக்காரர் ‘கடல் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று சொல்வதற்குப் பாதி நேரம் காரணம் அந்த உறைதான். மெல்லிய உறைக்கு மாறிப் பாருங்கள்.

இறங்குவதற்கு முன் பத்து நிமிட நடை, தோளைச் சிறு வட்டமாகச் சுழற்றுவது, திட்டில் உட்கார்ந்து எழுவது பத்து முறை. வியர்க்கக் கூடாது, வியர்த்தால் தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்து வெப்பம் சீக்கிரம் வெளியேறும்.

படியில் ஏணி இறங்குவது போல் கம்பியைப் பார்த்து, முதுகைக் கடலுக்குக் காட்டி இறங்குவது நல்லது. இறங்கும்போது வலிக்கும் கால் முதலில், ஏறும்போது நல்ல கால் முதலில். முட்டியில் அறுவை செய்தவர்களுக்கு இயன்முறை மருத்துவர்கள் சொல்லிக்கொடுக்கும் விதி இது. பாசிப் படியில் இன்னும் பொருந்தும். முழங்கால் அளவில் கொஞ்சம் நிற்பது, பிறகு தொடை, இடுப்பு. பிடரியிலும் முகத்திலும் நீரை அள்ளித் தெளித்து, மூச்சை ‘ஊ…’ என்று நீளமாக வெளியே விட வேண்டும். உள்ளே இழுப்பதைப் பற்றிக் கவலை வேண்டாம், அது தானாக நடக்கும். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு அறாமல் பேச முடிகிறவரை கம்பியை விடாதீர்கள். பெரும்பாலும் ஒன்றரை நிமிடத்தில் முடியும்.

நீச்சல் முறையைப் பொறுத்தவரை, தவளை உதை முழங்காலின் உள்பக்கத் தசைநாரை இழுக்கும். விறைத்த முட்டிக்கு அது ஆகாது. காலை நேராக வைத்து மேலும் கீழும் சிறு உதைகளாகப் போதும். தோள் பிடிப்புள்ளவர்கள் கையை நீருக்கு மேலே தூக்கி வீசக் கூடாது. ஒருக்களித்து, இரண்டு கையையும் நீருக்குள்ளேயே நகர்த்துவது பாதுகாப்பு. குளிருக்குப் பயந்து தலையை விறைப்பாக நிமிர்த்தியே நீந்துகிற பழக்கம்தான் கழுத்தையும் இடுப்பையும் கெடுக்கிறது. மூச்சு அடங்கிய பிறகு நீச்சல் கண்ணாடி போட்டு முகத்தை இடையிடையே தாழ்த்தினால் முதுகு நேராகும். படியிலிருந்து 20 மீட்டருக்கு மேல் விலகத் தேவையில்லை, கரைக்கு இணையாகவே போகலாம்.

எவ்வளவு நேரம்? ‘டிகிரிக்கு ஒரு நிமிடம்’ என்று ஒரு கணக்கு உலவுகிறது. எட்டு டிகிரியில் எட்டு நிமிடம். ஒல்லியான உடம்புக்கும் காற்றடிக்கும் நாளுக்கும் அது அதிகம். மூட்டுவலியோடு முதல் குளிர்காலத்தில் இறங்குபவருக்கு மூன்று நிமிடம் தாராளம், பழகியவருக்கு ஐந்து. கடிகாரத்தைவிட நம்பத்தக்கது சுண்டுவிரல். மோதிர விரலோடு ஒட்டியிருக்க வேண்டிய அது, கை ஆறத் தொடங்கியதும் தானாக விலகி நிற்கும். சேர்க்கப் பார்த்தாலும் சேராது. கை நண்டுக் கால் போல் விரியும். கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட்டுப் பாருங்கள். தொட முடியவில்லையென்றால் நேரம் தாண்டிவிட்டது; கம்பியைப் பிடிக்கும் பலமும் போய்க்கொண்டிருக்கிறது. ‘இப்போது குளிரே தெரியவில்லை’ என்று தோன்றினாலும் அப்படியே, உடனே கரைக்கு.

ஏறும்போது கடைசிப் படியில் ஒரு நிமிடம் நில்லுங்கள். அதுவரை உடம்பை அழுத்திக்கொண்டிருந்த நீர் விலகியதும் ரத்தம் காலுக்கு இறங்கித் தலை சுற்றும். பிறகு வேகம்தான். உடம்பின் உள்வெப்பம் கரையேறிய பின்னும் தொடர்ந்து இறங்கும். மோசமான நடுக்கம் பத்திருபது நிமிடம் கழித்துத்தான் வரும். அதற்குள் உடுத்தி முடித்திருக்க வேண்டும். துணிகளைப் பையில் தலைகீழாக அடுக்குங்கள்: முதலில் போட வேண்டியது மேலே. ஈர மேலாடையைக் கழற்றி, துடைத்து, கம்பளிக் குல்லாய், உள்ளாடை, ஸ்வெட்டர். கீழ்ப்பாதி பிறகு, அதுவும் உட்கார்ந்துகொண்டு. ஒற்றைக் காலில் நின்று பேன்ட் போடப்போய் விழுவதுதான் அதிகம் பார்க்கிற விபத்து. பட்டன், ஜிப், பிரா கொக்கி எதையும் விறைத்த விரல் கேட்காது, இலாஸ்டிக் போதும். சாக்ஸைக் குதிகால் வரை சுருட்டி, உள்ளே பவுடர் தூவி வைத்திருந்தால் வலிக்கும் முதுகை அதிகம் வளைக்க வேண்டாம்.

பிளாஸ்கில் இஞ்சி டீ, குடிக்கும் சூட்டில். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், உதடு மரத்திருக்கும். வெந்நீர்க் குளியலும் வேண்டாம், திடீரென ரத்தக் குழாய் விரிந்து மயக்கம் வரும். வெந்நீர்ப் பையை நேராகத் தோலில் வைத்தால் வெந்ததுகூடத் தெரியாது. நடுக்கம் நிற்கும்வரை கார் ஓட்டக் கூடாது. துணையில்லாமல் வந்திருந்தால் தண்ணீருக்கே போக வேண்டாம். துணைக்கு வந்தவர் 112 அல்லது 999ஐ அழைத்துக் கடலோரக் காவலைக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் பாதத்தை வெளிச்சத்தில் பாருங்கள், கொட்டலசுக் கீறல் அப்போதுதான் எரியத் தொடங்கும். மூட்டின் தீர்ப்பு அன்று கிடைக்காது. மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் பத்து அடியைக் கவனியுங்கள். வழக்கமான விறைப்பு என்றால் நேரத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாம். கூடியிருந்தால் அடுத்த முறை பாதி நேரம். முட்டி வீங்கியிருந்தால் வீக்கம் வடியும்வரை கடல் வேண்டாம்.