ஓரியே சனிக்கிழமை

இங்கே சந்தைக்கு வாரம் என்றால் நாலே நாள்தான். எகே, ஓரியே, அஃபோ, இன்க்வோ, மறுபடியும் எகே. நைஜீரியாவின் தென்கிழக்கில் இருக்கிற இக்போ மக்களுக்கு ஞாயிறு, திங்கள் எல்லாம் தெரியாமல் இல்லை. பள்ளிக்கூடம், ஆபீஸ், ஆராதனை எல்லாம் அந்தக் கணக்கில்தான் நடக்கிறது, ஆனால் சந்தை மட்டும் பழைய நாலு நாள் கணக்கை விடவில்லை. சில ஊர்களில் சந்தையின் பெயரிலேயே நாள் இருக்கும்: எகே அவ்கா, இன்க்வோ நெவி. எங்கள் மிஷன் ஆஸ்பத்திரி அபியா மாநிலத்தில், உமுவாகியாவுக்கு வெளியே ஒரு சின்ன ஊரில் இருக்கிறது, எங்கள் சந்தை ஓரியே அன்று. எனக்கு லீவு சனிக்கிழமை. நாலேழு இருபத்தெட்டு, ஆகவே 28 நாளுக்கு ஒருமுறைதான் என் சனியும் அவர்களுடைய ஓரியேயும் சேர்ந்து வரும். ஆஸ்பத்திரியில் தங்கியிருக்கிற நாங்கள் எல்லாரும் அந்த நாளுக்காக எப்படிக் காத்திருப்போம் என்பது சந்தை இல்லாத ஊரில் இருந்தவர்களுக்குத்தான் புரியும்.

வந்த புதிதில் இந்தக் கணக்கு எதுவும் எனக்குத் தெரியாது. புறநோயாளிப் பிரிவில் சில நாள் நிற்க இடம் இருக்காது, சில நாள் ஈ ஓட்டிக்கொண்டிருப்போம். திங்கள் என்றால் காரணம் ஊருக்கே தெரியும். 2021 ஆகஸ்டில் பிரிவினை இயக்கம் அறிவித்த திங்கட்கிழமைக் கடையடைப்பு, அதன் பிடி தளர்ந்த பிறகும் வெளியே இறங்குவதற்கு இருந்த தயக்கம் பலருக்குப் போகவில்லை. மற்ற நாட்களில் ஏன் ஆள் இல்லை? மேட்ரன்தான் சுவர்க் காலண்டரை எடுத்து ஒவ்வொரு தேதிக்குக் கீழேயும் பேனாவால் எகே, ஓரியே என்று எழுதிக் கொடுத்தார். பார்த்தால், ஆள் இல்லாத நாளெல்லாம் ஓரியே. தையல் பிரிக்க "அடுத்த வெள்ளி வாங்க" என்று சொன்னால் வராதவர்கள், "இன்றைக்கு எகே, அடுத்த எகேயை விட்டு அதற்கடுத்த எகேக்கு வாங்க" என்றால் எட்டாம் நாள் சரியாக வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

சரி, சந்தைக்கு வருவோம். இது ஜூலை மாதம், மழைக்காலம், செம்மண் ரோடு முழுக்கக் குழி. ஆஸ்பத்திரி வாசலிலேயே கேகே கிடைக்கும். கேகே என்றால் நம் ஆட்டோதான், மஞ்சள் கலர், பின்னால் மூன்று பேர், டிரைவர் பக்கத்தில் அரை சீட்டில் ஒருவர். நாங்கள் ஏறினது டிவிஎஸ். ஓசூரில் செய்கிற வண்டி என்று சொன்னேன், டிரைவர் நம்பவில்லை. இந்தியா என்றால் சினிமா என்றுதான் அவருக்குத் தெரியும்.

சந்தைக்குள் நுழைந்தவுடன் நாலு பக்கமும் "கஸ்டமர்! மை கஸ்டமர்!" என்று கூப்பிடுவார்கள், இதற்கு முன்னால் அவர்களிடம் நாம் எதுவும் வாங்கியிருக்கவே வேண்டாம். முதலில் காரி வாங்க வேண்டும். மரச்சீனிக் கிழங்கைத் துருவி, சாக்கில் கட்டிப் புளிக்க வைத்து, பிழிந்து, இரும்புச் சட்டியில் வறுத்து எடுத்தால் காரி. வறுக்கும்போது பாமாயில் சேர்த்தால் மஞ்சள், சேர்க்காவிட்டால் வெள்ளை. தராசு கிடையாது. பெயின்ட் வருகிற பிளாஸ்டிக் வாளிதான் அளவு, அளவுக்குப் பெயரே பெயின்ட். அரிசிக்கும் பயறுக்கும் டெரிக்கா என்கிற தக்காளி விழுது டின். அளக்கிற அம்மா காரியை இரண்டு கையாலும் வாரி வாளியில் போட்டு, விளிம்புக்கு மேலே கூம்பாகக் குவித்து, சரிந்து விழுகிறதை இடது முழங்கையால் தடுத்து, அந்த முழங்கையை எடுக்காமலே பக்கத்துக் கடைக்காரியிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நான் வாளிக்குள் கையை விட்டு அடியைத் தடவிப் பார்த்தேன், அடியை உள்பக்கமாகத் தட்டி மேடாக்கி வைப்பதும் உண்டு என்று மேட்ரன் முன்னாலேயே சொல்லியிருந்தார். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "டாக்டர், உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டுவிட்டு, ஜாரா என்று இரண்டு கை காரி அள்ளிப் போட்டார். ஜாரா கேட்காமல் இங்கே யாரும் நகர மாட்டார்கள், நம் ஊர்க் கொசுறு ஞாபகம் இருக்கிறவர்களுக்கு இதில் பாடம் எதுவும் தேவையில்லை.

பணத்துக்குப் பதில் பாதிப் பேர் போனில் டிரான்ஸ்ஃபர் செய்கிறார்கள். "அலர்ட் வந்ததா?" என்பதுதான் சந்தையில் அதிகம் கேட்கிற கேள்வி. அலர்ட் வருகிற வரைக்கும் விற்ற காச்சில் கிழங்கின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டே இருப்பார்கள்.

நான் இங்கே பார்க்க வருவது உண்மையில் இந்தப் பெண்களைத்தான். என் அறைக்குள் வரும்போது இதே பெண்கள் ஸ்டூலின் நுனியில் உட்கார்வார்கள், எங்கே வலி என்று கேட்டால் கணவர் பதில் சொல்வார், சிசேரியனுக்குக் கையெழுத்து அவர் வந்துதான் போட வேண்டும், அவர் லாகோஸில் இருந்தால் போனுக்காகக் காத்திருக்க வேண்டும். வாயில்லாப் பூச்சிகள் என்றுதான் வந்த புதிதில் எழுதி வைத்திருந்தேன். சந்தையில் வந்து பார்த்தால் விலை வைப்பது, கடன் கொடுப்பது, லாரிக்காரனைத் திட்டுவது எல்லாமே அவர்கள்தான், ஆண்கள் சாக்கு தூக்குகிறார்கள். இது இன்று நேற்று வந்ததும் இல்லை. எங்களுக்குக் கொஞ்ச தூரத்தில் ஓலோகோ என்று ஒரு ஊர். 1929 நவம்பரில் அங்கே பிரிட்டிஷார் நியமித்த தலைவரின் ஆள், ஆடு எத்தனை, பிள்ளை எத்தனை என்று வீடு வீடாக எண்ணிக்கொண்டு வந்திருக்கிறான். முந்தின வருஷம்தான் ஆண்களுக்கு வரி போட்டிருந்தார்கள், அடுத்து நமக்குத்தான் என்று பெண்களுக்குத் தோன்றிவிட்டது. பாமாயில் எடுத்துக்கொண்டிருந்த நுவான்யெருவா என்ற விதவை, உன் அம்மாவை எண்ணினாயா என்று திருப்பிக் கேட்டாள், கைகலப்பானது, அவள் நேராகப் பெண்களின் கூட்டத்துக்கு ஓடினாள். பனை ஓலையைக் கையில் கொடுத்து ஊர் ஊராக, சந்தை சந்தையாகச் செய்தி அனுப்பினார்கள். ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். துப்பாக்கிச் சூட்டில் 50-க்கும் மேற்பட்ட பெண்கள் செத்துப்போனார்கள். அரசாங்கம் அதைக் கலவரம் என்று எழுதி வைத்தது, இங்கே அதற்குப் பெண்கள் போர் என்று பெயர். மேட்ரன் இந்தக் கதையை வெங்காயம் பொறுக்கிக்கொண்டே சொன்னார்.

துணி வரிசையில் எனக்குத் தனி மரியாதை. "இண்டியன் ஜார்ஜ்! உன் ஊர்ச் சரக்கு, மெட்ராஸ்!" என்று கடைக்காரர் சரிகை போட்ட துணியை என் தோளில் போட்டார். கல்யாணத்தில் மணப்பெண்ணின் அம்மா ஜார்ஜ் கட்டாமல் வந்தால் பேச்சாகிவிடும். பெயர் சென்னையின் செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலிருந்து வந்தது என்பார்கள். கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்தியத் துணி இந்தக் கரைக்கு அடிமை வியாபாரத்தில் மாற்றுச் சரக்காகவும் வந்தது, பக்கத்தில் இருக்கிற பெண்டே என்ற ஊர் அந்தக் காலத்தில் மனிதர்களை விற்ற பெரிய சந்தை. தோளில் கிடந்ததை மடித்துக் கொடுத்துவிட்டேன். விலையும் கட்டுப்படியாகவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

மருந்துக் கடைப் பக்கம் போகக் கூடாது என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன், கால் அங்கேதான் போகும். பலகையில் கெமிஸ்ட் என்று இருக்கும், உள்ளே இருப்பவர் மருந்தாளுநர் இல்லை, சில்லறை மருந்து விற்க லைசன்ஸ் வாங்கினவர். காய்ச்சல் என்றால் ஊர் முதலில் இங்கேதான் வரும், எங்களிடம் வரும்போது மூன்றாவது நாள் ஆகியிருக்கும். இவரைத் திட்டி ஒரு பயனும் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. நாற்காலி போடுவார், மால்ட் என்கிற போதையில்லாத பானம் குளிர்ந்த பாட்டில் ஒன்று வாங்கி வருவார், மலேரியா மாத்திரை அட்டையில் இருக்கிற வெள்ளிப் பூச்சைச் சுரண்டி, எண்ணை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பி அசல்தான் என்று பதில் வந்ததைக் காட்டுவார். போலி மருந்தோடு இந்த நாடு பட்ட பாடு கொஞ்சமா? டோரா அகுன்யிலியின் தங்கை போலி இன்சுலினால் இறந்துபோனார். 2001-இல் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் தலைவரான அகுன்யிலி போலி வியாபாரிகளை ஓட ஓட விரட்டினார், 2003-இல் அவரைச் சுட்டார்கள், குண்டு தலைப்பாகையைத் துளைத்துக்கொண்டு போனது, அவர் பிழைத்தார். அவர் படத்தை நம் கடைக்காரர் கல்லாவுக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறார். வலிப்பு வந்த பிள்ளையையும் இரத்தப்போக்கோடு வருகிற கர்ப்பிணியையும் ஊசி போடாமல் நேராக எங்களிடம் அனுப்புவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார், அனுப்பவும் செய்கிறார்.

கடைசியாக ஓக்போரோகோ. நார்வே கடலில் பிடித்த காட் மீனை உப்புப் போடாமல் குளிர்காற்றிலேயே காய வைத்தது. இந்தப் பகுதி தனி நாடாகப் பிரிந்ததால் மூண்ட பியாஃப்ரா போர் நடந்த 1967-70-இல் பட்டினி கிடந்த ஊர்களுக்கு நிவாரணமாக வந்து குவிந்த மீன், இன்றைக்கு அது இல்லாமல் குழம்பே இல்லை. வாசனை தூரத்திலேயே தெரிந்துவிடும், குளச்சல் கருவாட்டுக் கடைக்குள் கண்ணை மூடிக்கொண்டு நுழைந்த மாதிரி. மரம் அறுக்கிற வாளால் அறுத்துத்தான் தருகிறார்கள். அறுத்துக்கொண்டிருந்த பெண் மேட்ரனிடம் ஏதோ முணுமுணுத்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார், போன மாதம் என் அறையில் கணவர் பக்கத்தில் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தவர். கையில் வைக்கிற குச்சி, ஐந்து வருஷம் பிள்ளை தங்காது என்கிறார்களே, அது உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். நாளைக்கே அஃபோதான், ஆனால் ஞாயிறு. அடுத்த அஃபோ வியாழன், முந்தின நாள் சந்தை, கையில் பணம் இருக்கும், தனியாக வருகிறேன் என்றார். சொல்லிவிட்டு ஒரு துண்டு அதிகமாக வைத்தார், நான் ஜாரா கேட்கவே இல்லை.

கேகே வருவதற்குள் சுட்ட சோளமும் ஊபேயும் தின்றோம். ஊபே ஊதா நிறத்தில் விரல் நீளம் இருக்கும் பழம், சூடு காட்டினால் உள்ளே பச்சைச் சதை வெண்ணெயாக இளகிவிடும். சோளத்தில் ஒரு கடி, ஊபேயில் ஒரு கடி, கொட்டையை ரோட்டில் துப்பலாம், டாக்டர் என்று யாரும் பார்ப்பதில்லை.

மீனை ராத்திரி முழுக்க ஊற வைத்து, ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, ஊரிலிருந்து கொண்டு வந்த கடைசிப் புளியைக் கரைத்து, தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்தேன். மேட்ரன் காரியை வெந்நீரில் கிளறி ஏபா உருட்டிக்கொண்டு வந்தார். ஒரு வாய் வைத்துவிட்டு, பரவாயில்லை, மிளகாய்தான் போதாது என்றார், நாகர்கோவில்காரியான என்னிடம்.