செம்மணியில் ஒரு தாய்

யாழ்ப்பாணத்துச் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தின் மனிதப் புதைகுழியில் எலும்புக்கூடுகளோடு தோண்டியெடுக்கப்பட்ட உடைகளையும் பொருட்களையும் உறவினர்கள் அடையாளம் காண்பதற்காக 2025 ஆகஸ்ட் 5 அன்று காட்சிப்படுத்தியபோது, 1996இல் இராணுவச் சுற்றிவளைப்பில் மகனைப் பறிகொடுத்த, எங்கள் ஒழுங்கையில் (சிறு தெருவில்) வசிக்கும் ஓர் அம்மாவோடு நானும் போயிருந்தேன். நீலநிறப் புத்தகப் பையையும் சின்னஞ்சிறு சட்டைகளையும் கடந்து வந்தவர், ஒரு சேட்டின் முன் நின்று அதன் தையலைக் கண்ணை இடுக்கிப் பார்த்தார். மகனின் சேட்டுகளுக்குத் தெறி (பொத்தான்) தைத்துக் கொடுத்தவர் அவர்தான். மகனுடையது என்று சொல்ல அங்கே எதுவும் இருக்கவில்லை. இறந்த நாள் தெரியாததால் திவசம் கொடுக்க முடியாமலும், கீரிமலையில் அந்தியேட்டி எனும் ஈமக்கிரியை செய்ய மனம் ஒப்பாமலும், இன்றுவரை அவனுடைய அடையாள அட்டைப் பிரதியைக் கைப்பையில் வைத்திருக்கிறார். 1999இல் இதே செம்மணியில் 15 பேரின் எச்சங்கள் மீட்கப்பட்டும் விசாரணை முடங்கிப்போனது. இம்முறை மரபணுப் பரிசோதனை சர்வதேச நிபுணர்களின் மேற்பார்வையில், இந்தத் தாய்மார் உயிரோடிருக்கும்போதே நடக்க வேண்டும்.