அன்னபூர்ணாவுக்கு வழிகாட்டி அமர்த்திய அனுபவம்

2024 நவம்பரில் நேபாளத்தின் அன்னபூர்ணா பேஸ் கேம்ப் வரை நடந்துவிட்டு வருவது என்று நானும் என் மைத்துனரும் முடிவு செய்தபோது, எங்களுக்குள் எழுந்த முதல் தகராறு வழிகாட்டி வேண்டுமா என்பதுதான். பாதை தெளிவானது, ஒரு மணி நேரத்துக்கொரு தங்கும் விடுதி இருக்கிறது, தினமும் 3,500 நேபாள ரூபாய் எதற்குத் தண்டம் என்பது அவர் கட்சி. 2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கியவர்களில் சென்னையிலிருந்து போனவர்களும் இருந்தார்கள் என்பதை மறக்காதவன் என்ற வகையில், தெரியாத மலையில் உள்ளூர்க்காரர் ஒருவர் உடன் இல்லாமல் நடப்பதில்லை என்பது என் கட்சி.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால் தகராறு தீரும் என நினைத்தேன், தீரவில்லை. வெளிநாட்டவர் மலையேற்றப் பாதைகளில் உரிமம் பெற்ற வழிகாட்டியுடன்தான் செல்ல வேண்டும் என்று நேபாளச் சுற்றுலா வாரியம் 2023 ஏப்ரல் 1 முதல் விதி கொண்டுவந்தது. தனியாகப் போய் வழி தவறுகிறவர்களைத் தேடுவது பெரும்பாடாக இருப்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஆனால், எவரெஸ்ட் அடங்கிய கும்பு பகுதியின் உள்ளாட்சி அமைப்பு அந்த விதியைத் தன் எல்லைக்குள் நடைமுறைப்படுத்த மறுத்துவிட்டு, தனக்கென ஒரு அனுமதிச் சீட்டை வழங்குகிறது. மனாஸ்லு, மேல் முஸ்தாங் போன்ற கட்டுப்படுத்தப்பட்ட பகுதிகளிலோ பதிவு பெற்ற நிறுவனமும் வழிகாட்டியும் இல்லாமல் அனுமதியே கிடைக்காது. அன்னபூர்ணா இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: விதி உண்டு, கெடுபிடி குறைவு. சென்னையில் நாங்கள் விசாரித்த பயண முகவர் ஒருவர், “இந்தியர்களுக்கு அதெல்லாம் கிடையாது சார்” என்று ஒரே வரியில் முடித்தார். இந்தியா உள்ளிட்ட சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவருக்குக் கட்டணத்தில்தான் சலுகையே தவிர விதியில் விலக்கு இல்லை என்பதை நானே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

தகராறைத் தீர்த்து வைத்தது சட்டமல்ல, காப்பீடு: விதியை மீறிப் போய் ஏதாவது ஆனால் பணம் கிடைக்குமா என்ற சந்தேகத்தில் மைத்துனர் இறங்கி வந்தார். வெளிநாட்டுப் பயணக் காப்பீட்டுப் பத்திரத்தின் விலக்குகள் பகுதியைப் பொடி எழுத்தில் படித்தபோது, மலையேற்றமே அதில் சேராது என்றிருந்தது. வேறொரு பத்திரத்தில் சேர்த்திருந்தார்கள். ஆனால் எத்தனை மீட்டர் உயரம் வரை, ஹெலிகாப்டர் மீட்புக்கு யாருடைய முன் ஒப்புதல் தேவை என்பவற்றை மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொண்டோம். பேஸ் கேம்ப் 4,130 மீட்டர் என்பதால் 4,000 மீட்டரோடு நிற்கும் காப்பீடு எங்களுக்குப் பயனில்லை. மைத்துனரின் பாஸ்போர்ட் காலாவதியாகி இருந்தது. நேபாளத்துக்கு விமானத்தில் செல்ல வாக்காளர் அட்டையே போதும், ஆதார் செல்லாது. ஆனால் காப்பீட்டுக்குப் பாஸ்போர்ட் எண் கேட்டார்கள். சாலிகிராமம் சேவை மையத்தில் தட்கலில் விண்ணப்பித்து அதைப் புதுப்பித்தார்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதிக நாள் செலவிட்டேன். 2018இல் நேபாள அரசே விசாரித்த ஒரு மோசடி என் நினைவில் இருந்தது: லேசான தலைவலிக்கும் பயணிகளை ஹெலிகாப்டரில் ஏற்றி, காப்பீட்டுப் பணத்தில் பலரும் பங்கு பிரித்துக்கொண்ட விவகாரம் அது. ஆகவே உரிம அட்டையின் இரு பக்கங்களையும் படமாகக் கேட்டு வாங்கினேன். நகரச் சுற்றுலா வழிகாட்டிக்கும் மலையேற்ற வழிகாட்டிக்கும் உரிமங்கள் வெவ்வேறு. முதலில் வந்த படம் நகர உரிமம், அதனால் அவரை விட்டுவிட்டோம். சுமை தூக்கிப் பழகிய ஒருவரை வழிகாட்டி என்று அனுப்புவதும் உண்டு. வழிகாட்டிக்கு நிறுவனம் எடுத்திருக்கும் விபத்துக் காப்பீட்டின் நகலையும் கேட்டேன். அதைத் தயங்காமல் அனுப்பிய நிறுவனத்தையே அமர்த்தினோம். அன்னபூர்ணா இயற்கைப் பாதுகாப்புப் பகுதிக்கான நுழைவுச் சீட்டுக்கும் மலையேற்றப் பதிவு அட்டைக்குமாக ஆளுக்கு 2,000 நேபாள ரூபாய் ஆயிற்று. பொக்காராவில் அரை மணி நேரத்தில் கையில் கிடைத்தன.

பரங்கிமலைப் படிகளில் இரண்டு மாதம் ஏறி இறங்கிய தெம்பு, வழியிலுள்ள சோம்ரோங் கிராமத்துப் படிகளில் கரைந்துபோனது. சுமார் 3,200 மீட்டரில் இருக்கும் தேவ்ராலியில் மைத்துனருக்குத் தலைவலி வந்தது. காலையில் வைத்த கஞ்சியையும் ஒதுக்கிவிட்டார். உயரம் ஒத்துக்கொள்ளாமல் மூளை பாதிக்கப்பட்டால் நடை தள்ளாடும் என்பதால், வழிகாட்டி அவரை விடுதி முற்றத்துக்கு அழைத்துப்போய், கல் பாவியிருந்த கோட்டின் மேல் ஒரு காலின் குதிகால் மறு காலின் விரல் நுனியைத் தொடும்படி அடிவைத்து நடக்கச் சொன்னார். மைத்துனர் தள்ளாட்டமில்லாமல்தான் நடந்தார். அப்படியும் வழிகாட்டி, “இன்று மேலே வேண்டாம் அண்ணா, நாளை பார்க்கலாம்” என்று பொறுமையாகச் சொல்லிவிட்டு, பூண்டு சூப் கொண்டுவரச் சொன்னார். எனக்கு இந்தி அரைகுறை. அவருடைய தம்பி சென்னையில் ஓர் உணவகத்தில் வேலை பார்த்ததால் அவருக்குத் தமிழில் நாலைந்து சொற்கள் தெரியும். அவ்வளவில் எங்கள் பேச்சு நடந்தது. ஹெலிகாப்டர் என்ற சொல்லை அவர் உச்சரிக்கவே இல்லை என்பதை நான் கவனித்துக்கொண்டேன். மறுநாள் தலைவலி இல்லை. அன்று மாலையே பேஸ் கேம்ப் போய்ச் சேர்ந்தோம்.

சோதனைச் சாவடிகளில் எங்கள் நுழைவுச் சீட்டைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டார்களே தவிர, அவருடைய உரிம அட்டையைப் போகும்போதும் வரும்போதும் யாரும் கேட்கவில்லை. ஆகவே வழிகாட்டி இல்லாமலும் போயிருக்கலாம் என்று மைத்துனர் சொன்னால் நான் மறுக்க முடியாது, அவர் சொல்லவில்லை. நயாபுலில் ஜீப்புக்குக் காத்திருந்தபோது, கூடுதலாகத் தங்கிய நாளின் ஊதியமான 3,500 நேபாள ரூபாயையும் தீர்த்தோம். நேபாளத் தாள்கள் தீர்ந்துவிட்டதால் இந்திய நூறு ரூபாய்த் தாள்கள் 22 எண்ணிக் கொடுத்தேன். அதற்கு மேற்பட்ட இந்தியத் தாள்கள் அப்போது அங்கே செல்லாது என்று முன்பே நூறுகளாக மாற்றி வைத்திருந்தேன். ஓர் இந்திய ரூபாய்க்கு 1.6 நேபாள ரூபாய் என்று மனக்கணக்குப் போட்டுப் பார்த்த வழிகாட்டி, மீதி 20 நேபாள ரூபாயைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.