சீவல் விளக்கு

சுவீடனின் யோன்ஷோப்பிங் நகரில் வாடகை வீட்டுச் சாவி கைக்கு வந்தது ஒரு டிசம்பர் நாளில். மூன்றரைக்குள் ஊரே இருட்டு. சுவிட்சைத் தட்டினால் ஒன்றும் எரியவில்லை. கூரையில் வெறும் கொக்கியும் ஒரு பிளக் பாயிண்டும்தான். வீட்டைக் காலி செய்கிறவர்கள் விளக்கையும் கழற்றிக்கொண்டு போவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அன்று ராத்திரி செல்போன் டார்ச்சில் பிரெட் தின்றேன்.

மறுநாள் கடையில் டியூப் லைட் கேட்டேன். "கராஜுக்கா?" என்றார் கடைக்காரர்.

கடைசியில் 'லொப்பிஸ்' என்கிற பழைய சாமான் சந்தையில்தான் ஒரு விளக்கு சிக்கியது. பைன் மரத்தைத் தாள் போல மெல்லிசாகச் சீவி, வளைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. மார்க்கரீட் ஊரில் விளக்குப் பட்டறை வைத்திருந்த ஹான்ஸ்-ஆக்னே யாகோப்சன் இந்த மாதிரிக்குப் பேர்போனவர். பல்பு கண்ணில் குத்தக் கூடாது என்பது அவர் பிடிவாதம். சீவலுக்குள் புகுந்து வரும்போது வெளிச்சம் பனைவெல்லப் பாகு நிறமாகிவிடுகிறது. ஸ்டிக்கர் கிழிந்திருந்ததால் என்னுடையது அசலா நகலா தெரியாது. உடைந்திருந்த ஒரு சீவலைப் பசை போட்டு ஒட்டினேன்.

கூரையோடு ஒட்டி மாட்டியதைப் பார்த்து எதிர்வீட்டுப் பாட்டி பதறிவிட்டார். மேசைக்கு மேலே, உட்கார்ந்தால் எதிராளி முகம் மறையாத உயரத்துக்கு இறக்க வைத்தார். ஜன்னலுக்குத் தனியாக ஒரு குட்டி விளக்கு வேண்டுமாம், தெருவில் போகிறவர்களுக்காக!

பாட்டி வீட்டில் புரூனோ மாத்சன் என்பவர் வடிவமைத்த நாற்காலி ஒன்று உண்டு. வளைத்த மரச்சட்டத்தில் நாடா பின்னியது. உட்கார்ந்ததும் எங்கள் தாத்தாவின் நாடாக் கட்டில் ஞாபகம் வந்தது, ஆனால் இது முதுகின் வளைவுக்கென்றே அளவெடுத்தது. மாத்சன் வேர்னமோ ஊர்த் தச்சர் பரம்பரை. 1931-இல் உள்ளூர் மருத்துவமனைக்கு இப்படி நாடா பின்னிய நாற்காலி செய்து கொடுத்தாராம். அசிங்கமாக இருக்கிறது என்று பரணில் போட்டுவிட்டார்களாம். இதைச் சொல்லும்போதெல்லாம் பாட்டிக்குச் சிரிப்பு அடங்காது.

அம்மா வீடியோ காலில் வந்தாள். "ஏண்டி, கரண்ட் இல்லையா?"

விளக்கைக் காட்டினேன்.

"மரச்சீவலா? தீப்பிடிக்காது?"

"எல்.இ.டி. பல்பும்மா, அவ்வளவா சூடாகாது."

"எதுக்கும் பக்கத்துல ஒரு வாளி தண்ணி வச்சுக்கோ."