பதின்மூன்று பாரம்

2 டிசம்பர் 2024, திங்கள்
விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் பாலத்தைத் தொட்டுக்கொண்டு வெள்ளம். ரயில்களை ரத்து செய்துவிட்டார்கள். என் நாவலின் டம்மி காப்பி (அச்சுக்கு முன் வரும் மாதிரிப் பிரதி) அந்தப் பக்கம் எங்கேயோ இருக்கிறது. ஃபெஞ்சல் புயலில் திருவண்ணாமலையில் மலையே சரிந்து வீட்டின்மேல் விழுந்திருக்கிறது, எனக்குப் பார்சல் கவலை. இதை எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கவலைதான்.

3 டிசம்பர்
வரவில்லை.

5 டிசம்பர்
வந்துவிட்டது. அட்டை நன்றாக இருக்கிறது. உள்ளே திறந்தால் 'ஸ்ரீ' வரவேண்டிய இடமெல்லாம் கட்டம். நான் கொடுத்தது யூனிகோட். அவர்கள் தங்கள் பழைய எழுத்துருவுக்கு மாற்றியபோது உடைந்திருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் நடக்கிற நாவலில் இது நடக்கவேண்டுமா!

இன்னொன்று. 212 பக்கம் வந்திருக்கிறது. 16 பக்கம் ஒரு பாரம், 13 பாரம் என்றால் 208. "நாலு பக்கத்துக்காக இன்னொரு பிளேட் போடணும் மேடம், எங்கேயாவது குறைச்சுக் கொடுத்துடுங்க" என்கிறார் அச்சகத் தம்பி. எங்கேயாவது! 143இலிருந்து 146 வரை சரியாக நாலு பக்கம். யாரோ வேண்டுமென்றே அளந்து வைத்த மாதிரி.

6 டிசம்பர்
லால்குடி அத்தை போன். "ஏன் பாப்பா, உன் புத்தகம் எப்ப வருது? கண்ணாடி மாத்தியாச்சு, படிக்கத்தான் காத்திருக்கேன்."

9 டிசம்பர்
ராத்திரி முழுக்கக் கணக்கு. 300 பிரதி, ஒன்றுக்கு அச்சுக்கூலி 110. விலை 260. சென்னைப் புத்தகக் கண்காட்சியை நடத்தும் பதிப்பாளர் சங்கமான பபாசியில் உறுப்பினர் இல்லை என்பதால் அங்கே எனக்குக் கடை கிடையாது. தெரிந்த பதிப்பகக்காரர் தன் அரங்கில் வைக்கச் சம்மதித்திருக்கிறார், நாற்பது சதவீதம் அவருக்கு. வாசகருக்குத் தரும் பத்து சதவீதக் கழிவை அதிலிருந்து அவரே பார்த்துக்கொள்வார். அது நியாயம்தான், அரங்க வாடகை, ஆள் சம்பளம் எல்லாம் அவருடையது. 260இல் 104 போனால் 156. அச்சுக்கூலி போக 46. முந்நூறும் விற்றால் 13,800. அட்டை வடிவமைப்புக்கு 6,000, மெய்ப்பு பார்த்தவருக்கு 8,000. ஆக, ஒரு பிரதி மிச்சமில்லாமல் எல்லாம் விற்றாலும் இருநூறு ரூபாய் நஷ்டம். இலவசப் பிரதி, தபால் செலவு எதுவும் இன்னும் சேர்க்கவில்லை. எழுதிய வருஷங்களுக்கு விலை போட எனக்குத் தெரியாது, அந்தப் பத்தியைக் காலியாக விட்டேன்.

அரசு நூலகங்களுக்கு வாங்கும் நூலக ஆணை வந்தால் நிமிர்ந்துவிடலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்போது வரும் என்று யாரும் சொல்வதில்லை.

அத்தை அந்த நாலு பக்கத்தைப் படித்தால் என்ன நினைப்பாள்? நகையைக் கழற்றிக் கொடுக்கும் இடம். நாவலில் அவள் பெயர் வேறு, ஊர் வேறு, சாதிகூட வேறு. கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொள்கிற அந்தப் பழக்கம் மட்டும் அவளுடையது.

11 டிசம்பர்
எடுத்துவிட்டால் செலவும் குறையும்.

12 டிசம்பர்
மறுபடி மழை. ஈரத்தில் லேமினேஷன் சுருள்கிறதாம், பைண்டிங் பசை காயவில்லையாம். அவசரப்படுத்தினால் புரட்டும்போதே தாள் கையோடு வந்துவிடும் என்கிறார்கள். சரி, காயட்டும்.

13 டிசம்பர்
எடுக்கவில்லை. எழுத்தளவை அரைப் புள்ளி குறைக்கச் சொன்னேன். 208க்குள் வந்துவிட்டது. வயதானவர்களுக்குப் படிக்கக் கஷ்டம்தான். (புதுக் கண்ணாடி இருக்கிறதே என்று தோன்றியது. கேவலமான யோசனை.)

17 டிசம்பர்
மூட்டைகள் வந்தன. எல்லோரும் புதுப் புத்தகத்தை முகர்ந்து பார்ப்பது பற்றி எழுதுகிறார்கள். எனக்குப் பசை நெடியில் தும்மல். முதல் பிரதியை எடுத்ததும் அந்த நாலு பக்கத்துக்குத்தான் கை போயிற்று.

19 டிசம்பர்
முன்பணம் கட்டியவர்களுக்கு அனுப்ப, முகவரி ஒட்டி, இரண்டு பை நிறையத் தூக்கிக்கொண்டு தபால் ஆபீஸ் போனேன். "புக் போஸ்ட் நேத்திலிருந்து இல்லைம்மா. சிஸ்டத்துலேயே அந்த ஆப்ஷனை எடுத்துட்டாங்க." கவுண்டரில் இருந்தவருக்கே கோபம், பாவம். இத்தனை காலம் சிறு பதிப்பாளர்களைத் தாங்கிய ஒரே சலுகை அதுதான், அதையும் முன்னறிவிப்பில்லாமல் தூக்கியாயிற்று. இனி சாதாரணப் பார்சல் கட்டணம். தபால் செலவு உட்பட 260 என்று ஊரெல்லாம் அறிவித்தது நான். திரும்பி வரும்போது ஆட்டோக்காரர் "என்ன மேடம், புத்தகமா? ஸ்கூலுக்கா?" என்றார். ஆமாம் என்றேன்.

20 டிசம்பர்
1954ஆம் வருஷச் சட்டப்படி பதிப்பாளர் தன் செலவில் கல்கத்தா தேசிய நூலகத்துக்கு ஒன்று, கன்னிமாராவுக்கு ஒன்று, மும்பைக்கும் டெல்லிக்கும் ஒவ்வொன்று அனுப்பவேண்டும், முப்பது நாளுக்குள். கட்டி வைத்தேன். டெல்லியில் யாராவது என்றைக்காவது இதைத் திறப்பார்களா? திறக்காவிட்டாலும் இருக்கும். இந்த ஒரு வேலை மட்டும் பிடித்திருந்தது.

22 டிசம்பர்
புதிதாக ஒரு வரிகூட எழுதவில்லை. டேப் ஒட்டுவதில் தேர்ந்துவிட்டேன்.

26 டிசம்பர்
மலையாள எழுத்தாளர் எம்.டி. வாசுதேவன் நாயர் நேற்றிரவு போய்விட்டார். இன்று ஒரு பார்சலும் கட்டவில்லை.

27 டிசம்பர்
நந்தனத்தில் 48ஆவது கண்காட்சி தொடங்கிவிட்டது. என் புத்தகத்தை மூன்றாவது தட்டில் வைத்திருப்பதாகப் படம் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் முதுகுதான் தெரிகிறது, பெயர் எதிர்வீட்டுப் பெயர்ப்பலகை அளவுக்குக்கூட இல்லை என்றார் இவர். அந்தப் பலகை உண்மையிலேயே பெரிதுதான்.

29 டிசம்பர்
அத்தையின் மகன் வந்து பிரதி வாங்கிப் போனான். காசு வேண்டாம் என்றேன், வைத்துவிட்டுப் போனான். அவள் கொடுத்தனுப்பியதாம்.

31 டிசம்பர்
எழுபதாம் பக்கத்தில் இருக்கிறாளாம். "அந்தப் பொண்ணு அசடு, ஆனா நல்லா இருக்கு." தினம் இருபது பக்கம் படிப்பாள்போல. கணக்குப் போடாமல் இருக்க முயல்கிறேன்.

3 ஜனவரி 2025
அரங்கிலிருந்து போன்: கொடுத்தது தீர்ந்துவிட்டது, இன்னும் இருபது அனுப்புங்கள். நம்பவில்லை, இரண்டு முறை கேட்டேன். இன்றிரவு பஸ்ஸிலேயே போட்டால் காலையில் சென்னையில் எடுத்துக்கொள்வார்களாம். எட்டு மணிக்குள் கட்டவேண்டும். பிரவுன் டேப் தீர்ந்துவிட்டது, கடைக்கு ஓடுகிறேன். நடுவில் லால்குடி நம்பரிலிருந்து இரண்டு மிஸ்டு கால்